பிளேடோடு சேர்த்த அளவு

போன வாரம் மட்டும் நான்கு பேர் ஃபோன் செய்துவிட்டார்கள். நான்கு பேருக்கும் ஒரே சந்தேகம். "மேரியக்கா, லெவல் இருபத்து மூணு எப்படிக்கா தாண்டறது?"

நான் வேலை பார்த்த ஓசூர்த் தொழிற்சாலையில், பைப் வெட்டும் பிரிவுக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் மாதம் ஒரு மென்பொருளில் பயிற்சி எடுக்க வேண்டும். திரையில் ஆறு மீட்டர் பைப்புகள் வரிசையாகக் கிடக்கும். பக்கத்தில் வெட்ட வேண்டிய துண்டுகள் பல நிறங்களில் குவிந்திருக்கும். விரலால் ஒவ்வொரு துண்டாக இழுத்துப் பைப்புக்குள் அடுக்க வேண்டும். எத்தனை குறைவான பைப்பில் எல்லாவற்றையும் அடக்குகிறோம் என்பதுதான் பாடம். இருபத்து மூன்றாவது லெவலில் பன்னிரண்டு பைப்புக்குள் முடிக்கச் சொல்கிறது. இவர்கள் எப்படிப் புரட்டிப் போட்டாலும் பதினான்கு வருகிறதாம்.

பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். நான் சொல்லவில்லை. நான்காவதாகப் பேசிய பவித்ரா, "ரிடையர் ஆனா எல்லாருக்கும் கர்வம் வந்துடுது" என்று யாரிடமோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கர்வமா? அடி போடி. வெட்கத்தில் வாய் வரவில்லை. அந்த லெவலை யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. பத்தொன்பது பேர் வேலை பார்த்த ஒரு பிரிவை நானே என் கையால் மூடப் பார்த்த ஒரு வெள்ளிக்கிழமைதான் அங்கே லெவலாகக் கிடக்கிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ராயக்கோட்டையிலிருந்து தக்காளிக் கூடைகளோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்து, அதே பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கும் போனேன். இரண்டு வருடம் பயிற்சி, மூன்று வருடம் மெஷின், அதற்குப் பிறகு கடைசி நாள் வரை வெட்டுத் திட்டம். எந்தப் பைப்பில் எந்தெந்தத் துண்டை எந்த வரிசையில் வெட்டுவது என்று தினமும் காலையில் அட்டையில் எழுதிக் கொடுப்பது என் வேலை. கேட்க லேசாக இருக்கும். வெட்டிய பைப்பை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது என்பதை நினைத்துக்கொண்டே எழுதிப் பாருங்கள், தெரியும்.

இனி பசவராஜ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது பிரிவுப் பொறியாளர், பிறகு தயாரிப்பு மேலாளர். கன்னடக்காரர். எங்களோடு தமிழ்தான் பேசுவார். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போவார். மற்றவர்களுக்குக் கோபத்தில் சத்தம் ஏறும். அவருக்கு இறங்கும். அவர் கிசுகிசுத்தால் நாங்கள் நடுங்குவோம்.

ஷிஃப்ட் முடிய அரை மணி இருக்கும்போது, அன்றைய மிச்சத் துண்டுகளை எல்லாம் அவர் அறை வாசலில் நீளவாரியாகத் தரையில் அடுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் அளவு எழுதியிருக்க வேண்டும். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையோரமாக நடப்பார். சின்னத் துண்டுகளைக் கண்டுகொள்ள மாட்டார். ஏதாவது ஒன்றின் முன்னால் நின்று, ஷூ முனையால் லேசாகத் தொடுவார். "இது யாக்கே?" என்பார். இது ஏன் மிஞ்சியது என்று அர்த்தம். கேள்வி அவ்வளவுதான். பதில் கிடைக்கும்வரை அடுத்த துண்டுக்கு நகர மாட்டார். பதில் சரியாக இருந்தால் "ஆய்த்து" என்று ஒரு சொல், ஆயிற்று என்று அர்த்தம். முப்பது வருடத்தில் அவரிடம் நான் வாங்கிய பாராட்டு முழுக்க அந்த ஒரு சொல்தான்.

திட்டம் எழுத ஆரம்பித்த முதல் மாதம் நான் ஒரு தப்பு செய்தேன். பிளேடுக்கும் தடிமன் உண்டு. ஒவ்வொரு வெட்டிலும் மூன்று மில்லி இரும்பு தூளாகப் போகும். அதைக் கூட்டாமல் ஒரு பைப்பில் நான்கு துண்டு எழுதிவிட்டேன். கடைசித் துண்டு ஒன்பது மில்லி குட்டையாக வந்தது. சார் ஒன்றும் திட்டவில்லை. அந்தக் குட்டைத் துண்டை என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் அதை எடுக்கவும் விடவில்லை. போகிற வருகிறவன் எல்லாம் அதைத் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து என் நோட்டில் எந்தத் துண்டின் நீளத்தையும் பிளேடோடு சேர்த்துத்தான் எழுதினேன். வரைபடத்தில் ஆயிரம் மில்லி என்றால் நோட்டிலும் அட்டையிலும் ஆயிரத்து மூன்று. மெஷினில் நிற்பவர் அதிலிருந்து மூன்றைக் கழித்து, நீளத்தை நிறுத்தும் ஸ்டாப்பரை வைத்துக்கொள்வார். பிரிவில் எல்லாருக்கும் இது தெரியும். தெரியும் என்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டது.

அந்த மெஷினில் பதினோரு வருடமாக நின்றவன் முனிராஜு. தொரப்பள்ளிக்காரன், வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், சாரிடம் கன்னடம். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பதினோரு வருடமும் கான்ட்ராக்ட்தான். மூத்த பெண் பர்கூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். நான் சத்தம் போட்டால் பதில் பேச மாட்டான். பிளேடைக் குளிர வைக்கும் கூலன்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அவன் வாளி எப்போதும் நிரம்பியே இருக்கும்.

நான் ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கும்போது மென்பொருள் வந்தது. செய்தவள் ஹரிணி, பெங்களூரிலிருந்து, அங்கே வேலைக்குப் போகும் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் தினமும் பஸ் பிடித்து வந்த பெண் இன்ஜினியர். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அதைச் செய்தார்கள். முதல் வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள்.

"மேடம், துண்டோட நீளமெல்லாம் எங்க கிடைக்கும்?"

"இந்த நோட்டுல எல்லாம் கீது. பார்த்து ஏத்திக்கோ."

"பிளேடு எவ்ளோ தடிமன்?"

"மூணு மில்லி."

இரண்டுமே உண்மையான பதில்கள். இரண்டையும் சேர்த்து வைத்து நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

அந்த மென்பொருளில் சில விதிகள் உண்டு. 'வந்தது வந்தபடி' என்றால் துண்டுகள் வருகிற வரிசையிலேயே இடம் கிடைக்கும் முதல் பைப்பில் போடும். 'இறுக்கம் பார்த்து' என்றால் எந்தப் பைப்பில் வைத்தால் மிச்சம் குறைவோ அங்கே போடும். 'பெரியது முதலில்' என்றால் நீளமான துண்டுகளை முதலில் இறக்கிவிட்டு, சந்துபொந்தில் சின்னவற்றைச் செருகும். 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு துண்டாக நகரும். ஏன் இந்தப் பைப்பில் வைத்தேன், ஏன் அதில் இடமில்லை என்று கீழே எழுதிக் காட்டும். நாம் அடுக்கியதையும் விதி அடுக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மிச்சம் பச்சையில் வரும். இடம் போதாவிட்டால் எவ்வளவு குறைகிறது என்று சிவப்பில் வரும்.

நான் 'பெரியது முதலில்' விதியிடம் ஒன்பது நாள் தொடர்ந்து தோற்றேன். சும்மா இல்லை, இருபத்தைந்து வருடம் வெட்டுத் திட்டம் எழுதியவள், ஒரு பொத்தானிடம் தோற்றேன். பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை. வீட்டில் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். பத்தாவது நாள் நான் ஜெயித்தபோது ஹரிணி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அது ஒவ்வொரு துண்டா வச்சுகிட்டே போற விதி மேடம். ஒரு தடவ வச்சத திருப்பி எடுக்காது. சீக்கிரமா நல்ல விடை குடுக்கும். இதுதான் இருக்கறதுலயே நல்ல விடைன்னு சத்தியம் பண்ணாது. அதுக்கு 'முழுத் தேடல்'னு தனிப் பொத்தான் வச்சிருக்கேன். அது எல்லா வழியையும் போட்டுப் பார்த்துட்டுத்தான் பேசும்."

அன்றோடு என் பகை தீர்ந்தது. தீர்ந்தது மட்டுமா, பக்தி பிடித்துக்கொண்டது. தினசரித் திட்டத்தையும் அதிலேயே போட ஆரம்பித்தேன். புதுத் துண்டு வந்தால் பழக்கப்படி நோட்டில் பிளேடோடு சேர்த்து எழுதுவேன், அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவேன், பொத்தானை அழுத்துவேன். காகிதத்தில் கூட்டிப் பார்ப்பதை விட்டேவிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மிச்சத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த முனிராஜு என்னிடம் வந்தான்.

"அக்கா, கம்ப்யூட்டர் சொல்ற மிச்சத்த விட கையில கூட வருதுக்கா. மூணு துண்டு வெட்டுனா ஒம்போது மில்லி கூட. நாலு வெட்டுனா பன்னெண்டு."

அன்று மூன்று பேர் லீவு, லாரி வாசலில் நிற்கிறது, எனக்குத் தலைவலி வேறு. "மிச்சம் கூடுனா ஒனக்கு இன்னாடா நோவுது? ஒன் டேப் இழுத்துப் போயிருக்கும். மொதல்ல டேப்ப மாத்து," என்றேன். நான்கு பேர் முன்னால் சொன்னேன்.  அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள், "டேப் வாங்கிட்டன்கா" என்றான். "நல்லது" என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்ததாக நினைத்தேன்.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்த ஆர்டர் வந்தது. டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம், அதாவது ஃபிரேம். ஒரு சட்டத்துக்கு நீளத் துண்டு ஒன்று, கால்கள் இரண்டு. மாதிரிக்குப் பன்னிரண்டு சட்டங்கள் கேட்டார்கள். அதற்கென்றே தனி ரகப் பைப் வந்திருந்தது, எண்ணிப் பன்னிரண்டு. இன்னொரு பைப் வேண்டுமென்றால் மூன்று வாரம் ஆகும். சனிக்கிழமை மதியம் லாரி கிளம்ப வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமையே பசவராஜ் சார் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வெட்டும் வேலையை வெளி மாநிலத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிடலாமா என்று தலைமை அலுவலகம் யோசிக்கிறது. இந்தப் பன்னிரண்டு சட்டமும் நேரத்துக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தால் பிரிவு ஓசூரிலேயே இருக்கும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள். பத்தொன்பது பேரில் நிரந்தரம் நான்கே பேர். எங்களை வேறு பிரிவில் போடுவார்கள். மற்ற பதினைந்து பேர் கேட்டுக்கு வெளியே. அவர் சொல்லி முடித்ததும், முனிராஜு பர்கூர்ப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரைபடம் என் கைக்கு வந்தது. நீளத் துண்டு இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு மில்லி. கால் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து. நோட்டில் எழுதினேன், ஏற்றினேன், அழுத்தினேன். 'பெரியது முதலில்' பதினான்கு பைப் கேட்டது. நீளத் துண்டுகளை இரண்டிரண்டாக ஆறு பைப்பில் போட்டது. கால்களை மூன்று மூன்றாக எட்டுப் பைப்பில் போட்டது. எனக்குப் பதற்றமில்லை. இந்த விதிக்கு இப்படிக் கண் தெரியாமல் போகும் என்று நான் கற்றிருந்தேன். விரலால் நானே இழுத்தேன். ஒரு நீளம், இரண்டு கால், மூன்றும் ஒரே பைப்பில். அப்படியானால் ஒரு பைப்புக்கு ஒரு சட்டம், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

கடைசிக் கால் உள்ளே போகவில்லை. சிவப்பில் ஒரே ஓர் எண் வந்தது: மூன்று. முனை சீவும் ஐந்து மில்லி போக, மூன்று மில்லி இடம் இல்லை.

திரும்பத் திரும்ப இழுத்தேன். காலை முதலில் வைத்தேன், நீளத்தைக் கடைசியில் வைத்தேன். சிவப்பு மூன்று அசையவில்லை. 'முழுத் தேடல்' பொத்தானை அழுத்தினேன். எல்லா வழியையும் போட்டுப் பார்த்துவிட்டு அதுவும் பதினான்கு என்றது. அது சொன்ன பிறகு எனக்கு மேல்முறையீடு இல்லை. பன்னிரண்டு பைப்பில் பத்துச் சட்டம்தான் வரும் என்று எழுதிக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

அவர் காகிதத்தைப் படித்தார். "எஷ்டு கம்மி?" என்றார்.

"மூணு மில்லி சார்."

வாடிக்கையாளருக்கு ஃபோன் போட்டு, கால் நீளத்தில் இரண்டு மில்லி குறைக்கலாமா என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. அவர் ஃபோனை வைத்ததும் நான் சொன்ன வார்த்தையை இப்போது எழுதவே கை கூசுகிறது.

"மிச்சத் துண்டுங்கள வெல்டிங்ல ஜாயின்ட் போட்டு ஆறு கால் தேத்திடலாம் சார். கிரைண்டிங் அடிச்சு பெயின்ட் பண்ணா தெரியாது."

அவர் குரல் இறங்கியது. "டிராக்டர் கவுந்தா அந்த ஜாயின்ட் கீழ யார் இருப்பான், மேரியம்மா?"

 அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு ஹெட் ஆபீஸ் ஃபோன் இருக்கு. பத்துதான்னு சொல்லிட்றேன். நீங்க பத்துக்கு வெட்ட ஆரம்பிங்க."

படியிறங்கி வந்தேன். பத்து என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அட்டையை முனிராஜுவிடம் கொடுத்தேன். முதல் பைப்பில் இரண்டு நீளத் துண்டு என்று எழுதியிருந்தது. அவன் அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பைப்பை ஏற்றி, சொரசொரப்பான முனையைச் சீவி எறிந்தான். அதில் ஐந்து மில்லி போகும். ஸ்டாப்பரை வைத்து முதல் நீளத் துண்டை வெட்டினான். துண்டு தட்டில் விழுந்தது. இரண்டாவதற்குப் பைப்பைத் தள்ளி இறுக்கினான். சுவிட்சில் கை வைத்தவன், எடுத்துவிட்டான்.

"இன்னாடா?"

"ஒரு நிமிஷம்கா." இறுக்கியதைத் தளர்த்திவிட்டு, மெஷினில் மீதமிருந்த பைப்மேல் டேப்பை ஓட்டினான். "மூவாயிரத்து அறநூத்தி ரெண்டு கீது."

"இருக்கட்டுமே. அட்டைல இன்னா போட்டிருக்குது? வெட்டு."

"இதுல ரெண்டு கால் வரும்கா."

நெஞ்சில் இருந்த பயம் எல்லாம் வாய்க்கு வந்தது. "காலைலருந்து அதத்தான்டா பார்த்துகினு கெடக்குறன். வராது. மூணு மில்லி பத்தாது. பிளேடுக்கு ஒங்கப்பனா எடம் குடுப்பான்?"

இந்த முறை அவன் வாளியைத் தேடவில்லை. "பிளேடோடதான் போட்டன்கா," என்றான். சாக்பீஸ் எடுத்துத் தரையில் எழுதினான். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதன் கீழே அதே எண். கூட்டினால் மூவாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. "பிளேடு போவ ஆறு மில்லி மிஞ்சுது. நான் அன்னைக்கே சொன்னன். டேப்ல தப்பு இல்லக்கா."

தரையில் கிடந்த கூட்டலைப் பார்த்தேன். நான் மூன்று மாதமாகப் போடாத கூட்டல். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்பது என் நோட்டில் இருக்கும் எண். அதில் பிளேடு ஏற்கெனவே இருக்கிறது. கணினியிடம் பிளேடு மூன்று மில்லி என்றும் சொல்லி வைத்திருக்கிறோம். அது தன் பங்குக்கு ஒவ்வொரு துண்டுக்கும் இன்னொரு மூன்றைச் சேர்த்திருக்கிறது. மூன்று துண்டுக்கு ஒன்பது மில்லி, நான்குக்குப் பன்னிரண்டு. அவன் அன்றைக்கு மிச்சத் துண்டில் பார்த்த கணக்கு அப்படியே. ஆறு மில்லி மிஞ்ச வேண்டிய இடத்தில்தான் மூன்று மில்லி பற்றாக்குறை காட்டியது. கணினி ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் பிளேடை இரண்டு தடவை கொடுத்தேன், அது இரண்டு தடவை வாங்கிக்கொண்டது.

 அவன் சுவிட்சைத் தட்டியிருந்தால், அந்தப் பைப்பில் ஒரு நீளத் துண்டு கூடியிருக்கும், இரண்டு கால் போயிருக்கும். பன்னிரண்டு என்ற பேச்சு அந்த வெட்டோடு முடிந்திருக்கும். நானே வெட்டு வெட்டு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"தொடாத. யாரும் எதையும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஐம்பத்து நான்கு வயதில், சேலையில், எண்ணெய்த் தரையில் ஓடினேன். அறைக்குள் சார் கையில் ஃபோன் இருந்தது. இரண்டு மணி ஆக இன்னும் சில நிமிடம்; அவர் முன்கூட்டியே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

"சார், ஃபோன வைங்க. பன்னெண்டும் வரும். தப்பு என்னோடது."

அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். வைக்கவில்லை. "இது யாக்கே?" என்றார்.

முப்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் சொன்னதிலேயே கஷ்டமான பதில் அது. நோட்டைச் சொன்னேன், பிளேடைச் சொன்னேன். முனிராஜு முந்தின மாதமே சொன்னதையும், நான் அவனை டேப்பை மாற்றச் சொன்னதையும் சொன்னேன். அதை மறைத்திருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவன் கீழே கை கட்டிக்கொண்டு நிற்கிறான். சார் ஃபோனை வைத்தார். எனக்கு முன்னால் படியிறங்கினார்.

வெட்டத் தொடங்கியது போக மீதிப் பதினோரு பைப்பையும் முதலில் அளக்கச் சொன்னார். பத்து சரியாக ஆறாயிரம். ஒன்று மட்டும் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. அதில் ஆறுக்குப் பதில் இரண்டு மில்லிதான் மிஞ்சும். அதைக் கடைசிக்கு ஒதுக்கினோம்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் முனிராஜு அளப்பான், நான் அளப்பேன், சார் தலையசைப்பார். மெஷின் ஓடும். மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. ஒவ்வொரு பைப்பின் முடிவிலும் வளையல் அகலத்துக்கு ஒரு வளையம் தட்டில் விழும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒன்பதாவது பைப்பின்போது கூலன்ட் சிதறி டேப் வழுக்கியது. முனிராஜு சட்டையில் துடைத்துவிட்டு முதலிலிருந்து அளந்தான்.

கடைசிப் பைப் ஏறியது. அவன் முனையைச் சீவுமுன் என்னைப் பார்த்தான். "அஞ்சு போனா பின்னாடி ரெண்டுதான் நிக்கும். வளையம் விழாது, நொறுங்கி பிளேடுல மாட்டும்கா. மொனைல நாலோட நிறுத்தட்டுமா?"

"நீ சொல்றதுதான்," என்றேன். அந்த வார்த்தையை அவனிடம் பதினோரு வருடத்தில் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன்.

நாலு மில்லி சீவினான். நீளம் விழுந்தது. முதல் கால் விழுந்தது. கடைசி வெட்டில் பிளேடு பைப்பின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு போனது. சத்தம் மாறிக் கிரீச்சிட்டது. அவன் பிடியை விடாமல் மெதுவாக இறக்கினான். கால் தட்டில் விழுந்தது. பின்னாலேயே மற்றவற்றில் பாதி அகலத்தில் ஒரு மெல்லிய வளையம். சார் அந்தக் காலை எடுத்து அவரே அளந்தார். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து.

"ஆய்த்து," என்றார். என்னைப் பார்க்கவில்லை. முனிராஜுவைப் பார்த்துச் சொன்னார்.

சனிக்கிழமை லாரி முழுசாகக் கிளம்பியது. மாதிரி தேறியது. பிரிவு ஓசூரிலேயே நின்றது, பதினைந்து பேரும் நின்றார்கள். ஹரிணி அந்த வெள்ளிக்கிழமைக் கணக்கை அப்படியே இருபத்து மூன்றாவது லெவலாக வைத்தாள். எல்லா லெவலின் தொடக்கத்திலும் ஒரு கேள்வியும் சேர்த்தாள்: 'கொடுத்துள்ள நீளத்தில் பிளேடு சேர்ந்திருக்கிறதா?' முதல் இருபத்து இரண்டு லெவலுக்கும் பதில் 'இல்லை'. இருபத்து மூன்றுக்கு மட்டும் 'ஆம்'. நம் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் படிக்காமலே 'இல்லை'யை அழுத்திவிட்டு, சிவப்பு மூன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைப்போலவே.

அந்த வருடம் தொழிற்சாலையில் ஷீல்டு கொடுத்தார்கள், எனக்கும் ஹரிணிக்கும். முனிராஜு பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். கான்ட்ராக்ட் ஆட்கள் பெயர் இதில் வராது என்றார்கள். தலையாட்டிவிட்டு மேடையேறி வாங்கிக்கொண்டேன். ஷீல்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளிலும் அவன் கான்ட்ராக்ட்தான். பெண் மட்டும் படிப்பை முடித்துவிட்டாள்.

பிரிவுபசார நாளில் எல்லாரும் சால்வை போட்டு முடித்த பிறகு, முனிராஜு கூட்டம் கலையும்வரை காத்திருந்து என்னிடம் வந்தான். கையில் சின்னதாக ஒரு பொட்டலம். உள்ளே ஒரு டேப், பத்து மீட்டர், கடை பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல்.

"இன்னாடா இது?"

"அன்னைக்கு நீங்க வாங்கச் சொன்னதுக்கா. வாங்கிட்டன். பழசுல தப்பு இல்லாததால பிரிக்கவேயில்ல."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "மன்னிச்சுக்கடா" என்றேன். சுற்றி அப்போது யாரும் இல்லை. திட்டியது நான்கு பேர் முன்னால், மன்னிப்புக் கேட்டது யாரும் இல்லாத இடத்தில். அதனால்தான் இதை இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஷீல்டு பீரோ மேலே எங்கோ கிடக்கிறது. டேப் தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது. அளக்க வீட்டில் எவ்வளவோ வந்துவிட்டது, ஜன்னல் திரை, அலமாரி, பேத்தியின் உயரம். அந்த உறையைக் கிழிக்க இன்றுவரை எனக்குக் கை வரவில்லை.